உபகாரச் சம்பளத்தை இழந்த ராமானுஜன்

போன செமஸ்டர் ரிசல்ட் வந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. தெர்மோடைனமிக்ஸில் கோட்டை விட்டேன். சி.ஜி.பி.ஏ. இறங்கியது, உபகாரச் சம்பளம் நின்றுபோனது. லாரி ஓட்டும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அந்த வாரம்தான் கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையை மறுபடி படித்தேன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஒரு சேலைக் கடையில் குமாஸ்தா. வீட்டில் வசதி கிடையாது. 1904-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்புறம் மனுஷன் கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மற்ற பாடங்களில் தோற்றார், பணம் நின்றது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நானும் அந்த வாரம் முழுக்க வீட்டுப் போனை எடுக்கலையே!

அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் தேறவில்லை. கையில் பட்டம் இல்லை, நோட்டுப் புத்தகம் மட்டும்தான். தன் கணக்கெல்லாம் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்று நம்பியவர் அவர். ஆனாலும் சாமி பார்த்துக்கொள்ளும் என்று சும்மா உட்காரவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினார். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். அடுத்தவர் பணத்தில் காலம் தள்ள மனசு வராமல், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலைக்குப் போனார்.

1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1914-ல் வருஷம் 250 பவுன் உதவியோடு கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

என்னை உலுக்கியது இதற்கு அப்புறம் நடந்ததுதான். ஊர் திரும்பும் நேரத்தில் பல்கலைக்கழகம் மறுபடியும் வருஷம் 250 பவுன் ஒதுக்கியது. உடம்பு நோயில் கிடக்க, 1919 ஜனவரியில் அவர் பதில் எழுதினார்: தன் தேவைக்கு இது அதிகம், பெற்றோருக்கு 50 பவுன் போகட்டும், தன் செலவு போக மிஞ்சுவதை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் காலமானார். பணம் இல்லாமல் படிப்பு நின்ற வலி அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தம்பி தங்கைகளே, நாம் ராமானுஜன் இல்லை. பிடிக்காத பாடத்தையும் பாஸ் பண்ணித்தான் ஆகணும். ஆனால் பணம் நின்றுவிட்டால் ஓடி ஒளியாதீங்க. நான் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன், சாப்பிட்டியாப்பா என்றுதான் முதலில் கேட்டார். மறுநாளே மேல்முறையீட்டு மனு எழுதினேன். பதில் இன்னும் வரல. அதுவரைக்கும் கல்விக் கடனில் ஓடுகிறது.

வேலைக்குப் போனதும் கடனை ஒழுங்காகக் கட்டுவேன். அதோடு, தெரிந்த ஒரு பிள்ளையின் புத்தகச் செலவையும் ஏற்பேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன், இனி தப்ப முடியாது.