லேபிள் ஒட்டாத டார்வின்

அப்பா சொன்னாரேன்னு ஒரு படிப்பில் சேர்ந்துட்டு, இது நமக்கு செட் ஆகாதுன்னு ரெண்டாவது வருஷத்துல முழிக்கிற ஆளா நீங்க? அப்போ சார்லஸ் டார்வின் உங்க கட்சி.

1809-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் பிறந்தவர். அப்பா டாக்டர். அதனால் பையனும் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். அது மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்க்க முடியாமல் பாதியில் எழுந்து ஓடியவர், அந்தப் படிப்பையே விட்டுட்டார். அடுத்து பாதிரியார் ஆகலாம்னு கேம்பிரிட்ஜ். அங்கேயும் பாடத்தை விட வண்டு பிடிப்பதில்தான் ஆர்வம். ரெண்டு கையிலும் வண்டு இருக்கும்போது மூணாவதா ஒண்ணு கண்ணில் பட, கையில் இருந்ததில் ஒன்றை வாயில் போட்டுக்கிட்ட ஆசாமி! அது உள்ளே எரிச்சலான திரவத்தைப் பீய்ச்ச, துப்பித் தொலைக்க வேண்டியதாயிற்று.

பீகிள் கப்பலில் போக வாய்ப்பு வந்தபோது அவருக்கு 22 வயசு. அப்பா முடியாதுன்னு சொல்லிட்டார். தாய்மாமா வந்து பேசித்தான் சம்மதம் கிடைத்தது. 1831 டிசம்பரில் கிளம்பிய கப்பல் திரும்பி வர கிட்டத்தட்ட அஞ்சு வருஷம். கடல் குமட்டல் கடைசி வரை அவரை விடவே இல்லை.

1835 செப்டம்பரில் காலபாகோஸ். ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் மேற்கே, கடலுக்குள்ளிருந்து எரிமலைகள் எழும்பி உண்டான தீவுகள். எந்தக் கண்டத்தோடும் ஒட்டி இருந்ததே கிடையாது. அங்கே இருக்கும் உயிர்களின் முன்னோர் பறந்தோ மிதந்தோதான் வந்திருக்கணும். இன்னைக்கு நீங்க அங்கே க்ரூஸில் போனால் கூடவே ஒரு கைடு வருவார், விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிக்கச் சொல்வார். டார்வினுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. ராட்சத ஆமை மேல் ஏறி சவாரி செய்தார். கடல் இகுவானாவைத் தண்ணீரில் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டு, அது நேரா தன்கிட்டயே ஏன் வருதுன்னு யோசித்தார்.

அந்தத் தீவுகளைக் கவனித்து வந்த லாசன் என்பவர், ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவுன்னு தன்னால் சொல்ல முடியும்னு பேச்சுவாக்கில் சொன்னார். டார்வின் அப்போ அதைப் பெரிசா எடுத்துக்கலை. ஆமைகளைக் கப்பலில் ஏற்றி, சமைத்துச் சாப்பிட்டு, ஓடுகளைக் கடலில் எறிந்தாச்சு. பிடித்த குருவிகளிலும் பலவற்றில் எந்தத் தீவு என்ற லேபிளே இல்லை. நம்ம லேப் ரெக்கார்டு மாதிரின்னு வெச்சுக்கோங்க.

1837-ல் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் அந்தக் குருவிகளைப் பார்த்துட்டு, அலகு வேறுவேறாக இருந்தாலும் இவை எல்லாம் நெருங்கிய உறவுள்ள தனித்தனி இனங்கள்னு சொன்னபோதுதான் டார்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எது எந்தத் தீவு? கடைசியில் கேப்டன் ஃபிட்ஸ்ராயும் மத்தவங்களும் சரியா குறிச்சு வெச்சிருந்த பறவைகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். நல்லவேளை, மாக்கிங்பேர்டு பறவைகளுக்காவது அவரே தீவுப் பெயர் எழுதியிருந்தார்.

உயிரினங்கள் மாறுகின்றன, சூழலுக்குப் பொருந்துவது பிழைக்கிறது என்ற யோசனை அடுத்த சில வருஷத்திலேயே தயார். ஆனால் வெளியிட 20 வருஷம் தயங்கினார். நடுவில் கப்பலடியில் ஒட்டும் பார்னக்கிள் உயிரிகளை மட்டும் 8 வருஷம் ஆராய்ந்தார். 1851-ல் 10 வயசு மகள் ஆனி இறந்துபோனாள். அந்த அடியிலிருந்து அவர் முழுசா மீளவே இல்லை.

1858-ல் ஆல்ஃபிரட் வாலஸ் என்பவரிடமிருந்து கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒரு கடிதம். உள்ளே கிட்டத்தட்ட அதே கோட்பாடு! நண்பர்கள் தலையிட்டு இருவர் எழுத்தையும் ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் சேர்த்தே வாசிக்க வைத்தார்கள். டார்வின் போகலை. அவருடைய கைக்குழந்தை செத்து மூணு நாள்தான் ஆகியிருந்தது.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. 1860-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த விவாதத்தில் பைபிளைத் தூக்கிப் பிடித்து அதை எதிர்த்தவர் யார் தெரியுமா? லேபிள் ஒட்டிய குருவிகளைக் கொடுத்து உதவிய அதே கேப்டன் ஃபிட்ஸ்ராய்.