நாயனார் கைவிட்ட வேட்கை

திருவாமூரில் அவதரித்த திருநாவுக்கரசு நாயனார், திருக்காளத்தியைத் தரிசித்தபின், திருக்கைலாசத்தைக் காணும் வேட்கையால் வடதிசை நோக்கி நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் ஊர்ந்தார், மார்பினாலே தவழ்ந்தார், புரண்டுஞ் சென்றார். எதிர்ப்பட்ட முனிவரொருவர் தடுத்தபோதும், இவ்வுடல் கொண்டு காணாது மீளேன் என மறுத்தார். முனிவராய் வந்தவர் சிவபெருமானே. பெருமான் மறைந்து ஆகாயத்தினின்று, அங்குள்ள தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றிலே அக்காட்சியைக் காணும்படி பணித்தருளினார். நாயனார் பின்னும் வாதியாது, ஐந்தெழுத்தை ஓதி மூழ்கினார், திருவையாற்றில் எழுந்தார், அங்கே கண்ட உயிர்களையெல்லாஞ் சத்தியுஞ் சிவமுமாகவே கண்டார்.

சுன்னாகத்திலே சிறார்க்கு இச்சரித்திரம் போதிக்கும் நாம், அவர்தம் உறுதியை மாத்திரம் புகழ்ந்து நிறுத்துதல் குறையாம். உடல் தேய்ந்தும் விடாத வேட்கையைத் திருவருளாணை பிறந்தவுடன் விட்டமையே அரிது. நம் எண்ணந் தடைப்படும்போது அதனை நினைப்போமாக.