வள்ளல் பச்சையப்பர்

நுழையும்முன்

ஈட்டிய பொருளை அறத்திற்கென எழுதிவைத்தல் பெருமைக்குரியது. எழுதிவைத்த அறத்தை அழியாமல் காத்தல் அதனினும் அரியது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துவது பச்சையப்பரின் வரலாறு.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் பிறந்தார். அவர் பிறக்குமுன்பே தந்தை விசுவநாதர் காலமானார். ஆதரவிழந்த தாய் பூச்சியம்மாள் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கு நாராயணர் என்பார் அக்குடும்பத்திற்கு அடைக்கலம் தந்து, சிறுவனுக்குக் கல்வியும் தொழிலும் கற்பித்தார். நாராயணர் ஒரு துபாசி. ஆங்கிலேய வணிகருக்கும் நம்நாட்டவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும் விளங்கியோர் துபாசிகள் எனப்பட்டனர். பச்சையப்பரும் அத்தொழிலில் தேர்ந்து, இளமையிலேயே பெருஞ்செல்வர் ஆனார்.

செல்வம் பெருகியபோதும் அவர் எளிமை குன்றவில்லை. கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த அவர், அக்காலத்தில் தெளிந்தோடிய கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வழிபடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

திருவிழா நாள்களில் வழிபாட்டுக்கும் அன்னதானத்துக்கும் பொருள் ஒதுக்கிவைப்பது கட்டளை எனப்படும். செல்வர்கள் தம் பெயரில் கட்டளை நிறுவுவது நெடுநாள் மரபு. அம்மரபைப் பின்பற்றிய பச்சையப்பர், 1794ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உயில் எழுதித் தம் செல்வத்தைக் கோயில் பணிகளுக்கும் அறச்செயல்களுக்கும் உரிமையாக்கினார். அம்மாத இறுதியிலேயே திருவையாற்றில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பது.

அவர் மறைவுக்குப்பின் சொத்து குறித்து வழக்குகள் எழுந்தன. உயிலில் கண்ட அறங்கள் பல்லாண்டுகள் முறையாக நடைபெறவில்லை. எனினும், நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருந்த பொருள் வட்டியுடன் பெருகியது. அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் இவ்வறத்தை மீட்பதில் பெரும்பங்காற்றினார். கோயில் கட்டளைகளுக்குரிய தொகை போக, எஞ்சியதைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்தது. அதன் பயனாக, 1842ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சென்னை பிராட்வே பகுதியில் பச்சையப்பர் பெயரால் பள்ளி தொடங்கப்பட்டது. வறிய மாணவர் பலர் அங்குக் கல்வி பெற்றனர்.

வள்ளல் மறைந்து நாற்பத்தேழு ஆண்டுகளுக்குமேல் கடந்த பின்னரே இப்பள்ளி எழுந்தது. அதற்குள் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் வளர்ந்து முதுமையை நெருங்கிவிட்டனர். காலந்தாழ்ந்த அறத்தால் இழப்போர் எளியவரே என்பதை இக்காலத்தாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. கணிதமேதை இராமானுசன் அங்குப் பயின்றார். அறிஞர் அண்ணாவும் அங்குப் பயின்றார். தொடக்கத்தில் இந்து மாணவர்க்கே உரியதாக இருந்த அக்கல்லூரி, 1947இல் பிற சமயத்தாரையும் ஏற்றது.

தந்தையற்ற ஒரு சிறுவனுக்கு நாராயணர் தம் இல்லத்தில் கல்வி தந்தார். அச்சிறுவன் விட்டுச்சென்ற செல்வம் தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குக் கல்வி தருகிறது.