மரத்துள் மருந்தை நிறுத்திய காமேசம்

இத்திங்கள் யாம் வரையப் புகும் வரலாறு, மரவியல் கற்றார் யாண்டும் நன்கறிந்ததும் நம்மவர் பட்டறைகளில் ஒலியாததுமாகிய ஒரு பெயருக்குரியது. சொண்டி காமேசம் என்பது அப்பெயர். அவர் உளியும் வாய்ச்சியும் எடுத்துத் தச்சுத்தொழில் புரிந்தவர் அல்லர். ஆயினும் ஓசூரிலும் கிருட்டிணகிரியிலும் மரத்தை நம்பி வாழும் நம் மரபினர் அவருக்கு ஒருவகையிற் கடப்பாடுடையர். அவர் கண்ட பொருளால் நமக்கு வரத்தகும் கேடொன்றும் உண்டு. ஆதலின் இரண்டனையும் சேர்த்தே உரைக்கின்றோம்.

மரம் ஏன் கெடுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அகத்தே காழுடையதனை மரமென்றும், புறத்தே காழுடையதனைப் புல்லென்றும் தொல்காப்பியர் வகுத்தமை நாம் அறிந்ததே. அவ்வகத்துக் காழையே வைரம் என்கின்றோம். அதனைச் சூழ்ந்த வெளிற்றிடத்தே பூஞ்சணமும் செல்லும் விரைந்து குடிபுகும். பூஞ்சணம் என்பது தானே பிறக்கும் அழுக்கன்று. காற்றிற் பறந்துவரும் நுண்விதைகளினின்று முளைக்கும் உயிர். நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் ஈரம் ஏறிய மரத்திலேதான் அது தழைக்கும். சிலவகை மரத்தின் நாரைத் தின்று பழுப்புத் தூளாக்கும். சிலவகை நாரைப் பிணிக்கும் பசையையும் தின்று வெளுக்கச் செய்யும். நட்ட கம்பம் உச்சியில் உறுதியாயிருப்ப, மண்ணோடு பொருந்துமிடத்தில் இற்று வீழ்வதன் காரணம் இதுவே. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்குமிடம் அதுவன்றோ? குளத்தின் அடியில் முற்றும் அமிழ்ந்த கட்டை நெடுங்காலம் கெடாதிருப்பது காற்றின்மையால்.

நம் முன்னோர் இதற்குச் செய்த காப்புகள் பல. வேப்பெண்ணெய் பூசினர், முந்திரிக்கொட்டை எண்ணெய் தேய்த்தனர், மூங்கிலை நீரில் ஊறவைத்து அதன் மாச்சத்தைப் போக்கினர். இவை பழிக்கத்தக்கன அல்ல. ஆயினும் பூச்சு மேலே நிற்பது. கேடு உள்ளே செல்வது. மேனாட்டார் 1832-இல் இரசக்கூட்டையும், 1838-இல் துத்தநாகக் கூட்டையும் நிலக்கரித் தாரினின்று வடித்த கிரியோசோட்டையும் மரத்துட் செலுத்தத் தொடங்கினர். பிரெஞ்சு நாட்டு பூசெரீ என்பார் பச்சைமரத்தின் சாற்றைத் தள்ளிவிட்டு மயில்துத்தக் கரைசலை அதனிடத்தே ஏற்றினார். கிரியோசோட்டு நன்று, இந்திய இருப்புப்பாதைக் கட்டைகளுக்குப் பஞ்சாபிலுள்ள திலவானில் அதனை ஏற்றி வந்தனர். ஆனால் அது நாறும், கையில் ஒட்டும், மேலே வண்ணம் பூசவொட்டாது. வீட்டு நிலைக்கும் கதவுக்கும் ஆகாது. நீரிற் கரையும் உப்புகளோ தூயன, மலிவானவை. ஆயின் நீரிற் கரைந்து புகுந்தவை நீரிலேயே கரைந்து வெளியேறின. நம் நாட்டு மழை இரண்டு மூன்று பருவத்திலே மருந்து முழுவதையும் கழுவிவிடும். மரங்காப்போர் இதற்கு மேற் செல்லமாட்டாது நின்றனர்.

இந்நிலையிலேதான் காமேசம் வருகின்றார். பெயரே தெலுங்கு நாட்டுத் தொடர்பைக் காட்டும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒருங்கே வழங்கும் ஓசூரார்க்கு அப்பெயர் அயலன்று. இமயத்தின் அடிவாரத்துத் தேராதூனில் 1906-இல் தோன்றி, 1929-இற் புதுமாளிகை கொண்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் மரங்காக்கும் துறையில் அவர் உழைத்தார். செருமனியின் பூஞ்சண நூற்பேராசிரியர் ரிச்சர்டு பால்க் என்பாருடன் சேர்ந்து முதலில் ஒரு மருந்து கண்டார். இருவர் பெயரையும் பிணைத்து அதற்குப் பால்காமேசம் எனப் பெயரிட்டனர். 1933-ஆம் ஆண்டு அவ்விருவர்க்கும் இருவேறு வகையாய் அமைந்தது. யூதராகிய பால்க் நாசிகள் ஆட்சிக்கு வந்தமையால் நாட்டைத் துறந்தார். காமேசம் தம் பெயரை நிலைநாட்டிய கண்டுபிடிப்பை அவ்வாண்டிலே நிறைவேற்றினார்.

அது யாதெனில், மூன்று உப்புகளின் கலவை. ஆர்செனிக் பெண்டாக்சைடு ஒரு பங்கு. மயில்துத்தம் மூன்று பங்கு. டைகுரோமேட்டு நான்கு பங்கு. பாடாணத்தின் கொடுமையை நம் சித்தர் நூல்கள் பேசுகின்றன. அதன் இனமே ஆர்செனிக். அது செல்லைக் கொல்லும். செம்புக்கு அஞ்சாத சில பூஞ்சணங்களையும் அடக்கும். மயில்துத்தத்திலுள்ள செம்பு ஏனைப் பூஞ்சணங்களை ஒடுக்கும். இவ்விரண்டும் காமேசத்திற்கு முன்னரே தெரிந்தவை. எட்டுப் பங்கில் நான்கு பங்காகிய குரோமிய உப்புக்கு ஆங்கு என்ன வேலை என்பதே வினா. கொல்லும் தொழில் அதனது அன்று. கட்டும் தொழிலே அதனது. மரத்துட் புகுந்தவுடன் மரத்தின் சத்துகளே குரோமியத்தின் இயல்பை மாற்றுகின்றன. மாறிய குரோமியம் செம்பையும் ஆர்செனிக்கையும் பற்றி, மரத்தின் நாரோடும் பசையோடும் பிணைத்து, நீரிற் கரையாத பொருளாக்குகின்றது. தோல் பதனிடுவோர் குரோமியத்தால் தோலின் நாரைக் கட்டுவது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தார் அறிந்ததே. ஏறத்தாழ அத்தொழிலையே அது மரத்திற் செய்தது எனலாம். நஞ்சைத் தேடியவர் பலர். நஞ்சை மரத்துள்ளே நிறுத்தும் வழியைக் கண்டவர் காமேசம். நீரில் உப்பாய்ப் புகுந்து மரத்திற் கல்லாய் நிற்கும் அவ்விரகே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

இம்மருந்தைப் பூசினாற் போதாது. காய்ந்த மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, முதலில் உள்ளிருக்கும் காற்றை இறைத்து, பின் கரைசலை நிரப்பி மிகுந்த அழுத்தத்தால் உட்செலுத்துவர். மண்ணில் நிற்கும் மரமாயின் ஒரு கனமீட்டருக்கு ஆறு கிலோகிராமுக்குக் குறையாமல் மருந்து உள்ளே தங்கவேண்டும். வெளிவந்த மரம் இளம்பசுமை காட்டும். பிணைப்பு முற்றுதற்குச் சில வாரம் நிழலில் அடுக்கிவைப்பர். அவசரப்பட்டு மழையில் இட்டால் காமேசத்தின் விரகும் வீணாம்.

1934-இல் ஆங்கில நாட்டு உரிமைப்பத்திரமும், 1938-இல் அமெரிக்க உரிமைப்பத்திரமும் அவர்க்குக் கிடைத்தன. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தார் இதனைத் தம் கம்பங்களில் ஏற்றினர். அதன்பின் அரை நூற்றாண்டிற்கு மேலாக உலகிற் பெரிதும் வழங்கிய மரமருந்துகளுள் இதுவும் ஒன்றாயிற்று. வாணிகத்தில் அதற்கு ஆஸ்கு என்று பெயர். ஆர்செனிக்கின் குறியும் செம்பின் குறியும் சேர்ந்த சொல் அது. கட்டிநிறுத்திய குரோமியமும் அப்பெயரில் இல்லை. கண்டறிந்த காமேசமும் இல்லை! பட்டறைகளில் அவர் பெயர் ஒலியாமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

நிற்க, இதனால் தச்சர்க்கு விளைந்த பயன் யாதென்பாரும் உளர். தேக்கின் வைரத்துக்கு மருந்து வேண்டா. ஊட்டினும் அது உண்ணாது. மாமரமோ எளிதிற் கெடுவது. அவ்வாறே மருந்தையும் எளிதில் உண்பது. விலையேறிய தேக்கை வாங்கமாட்டாத இல்லத்தார்க்கு எளிய மரத்திற் செய்த பொருள் நெடுங்காலம் நிற்குமாயின், அது வாங்குவார்க்கும் செய்வார்க்கும் வாழ்வன்றோ? ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள பெங்களூரில் 1938-இல் தோன்றிய வன ஆராய்ச்சிச் சாலை, 1988 முதல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகின்றது. அதன் விசாகப்பட்டினத்துக் கிளையார் கடற்புழுவால் துளைபடும் கட்டுமரங்களுக்கும் இம்மருந்தை ஏற்றிச் சோதித்தனர்.

கிருட்டிணகிரி மாம்பெட்டி செய்வார் ஒன்றை மயங்காதிருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் அறுத்த பச்சைப் பலகையிற் படரும் நீலக்கறை வேறொரு பூஞ்சணத்தால் வருவது. அது மரத்தின் வலியை அவ்வளவாகக் குறைப்பதன்று, விலையைக் குறைப்பது. அதற்கு உருளையும் அழுத்தமும் வேண்டா. அறுத்த அன்றே போராக்சும் போரிக் அமிலமும் கலந்த நீரில் தோய்த்து, காற்றோட்டம் உண்டாகச் சட்டமிட்டு அடுக்கின் பெரும்பாலும் தப்பும். ஆனால் போரான் உப்பு மழையிற் கழுவப்படும். காமேசம் தீர்த்த பழைய இடர் அதற்கு உண்டு. ஆகலின் கூரையின்கீழ் இருக்கும் பொருளுக்கே அது தகும்.

இனிக் கேட்டினை உரைப்பாம். கட்டிநிறுத்திய நஞ்சும் நஞ்சே. காலப்போக்கில் ஆர்செனிக் சிறிது சிறிதாக மண்ணிற் கசிதலை ஆராய்ச்சியாளர் கண்டனர். 2003-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க உற்பத்தியாளர் வீட்டுத் திண்ணை, சிறுவர் ஊஞ்சல் முதலியவற்றிற்கு இம்மருந்தூட்டிய மரத்தை விடுத்தனர். 2004-இல் ஐரோப்பிய நாட்டாரும் வரையறை செய்தனர். கம்பம் முதலிய தொழில்மரங்களுக்கு அமெரிக்காவில் இடம் விட்டனர். நம் நாட்டு ஐ.எஸ். 401 என்னும் தரநூலிலும் இம்மருந்து இடம்பெற்றுள்ளது.

ஆலைகளிற் கழித்த பழமரம் வாங்கி மறுபடி இழைக்கும் நம்மவர்க்கு இது பெரிதும் உரியது. மேற்புறப் பசுமை வெயிலில் வெளிறிச் சாம்பல்நிறமாகும். முனையைப் புதிதாக அறுத்துப் பார்த்தால் வெளிற்றில் பசுமை தோன்றுவதுண்டு. பசுமை தோன்றாமை கொண்டே மரம் தூயதெனத் துணிதலும் ஆகாது. ஐயமுற்ற மரத்தை அறுப்பின் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க. உண்ணுமுன் கைகளைக் கழுவுக. அத்தூளை மாட்டுக்கொட்டிலிற் பரப்பலாகாது. அம்மரத்தில் அரிபலகையும் தீவனத்தொட்டியும் செய்யலாகாது. யாவற்றினும் மேலாக, எஞ்சிய துண்டுகளை அடுப்பெரிக்க வீட்டுப் பெண்டிரிடம் கொடுத்தல் கூடாது. தீ குரோமியத்தின் கட்டை அவிழ்க்கும். ஆர்செனிக்கிற் சிறிது புகையோடு எழும், பெரும்பங்கு சாம்பலில் தங்கும். அச்சாம்பலாற் பாத்திரம் துலக்குவாரும், அதனை எருக்குழியில் இடுவாரும் நம் வீடுகளில் இன்னும் உளர்.