பத்திராதிபர்களின் துணைவர் அர்ச். தீத்துஸ் பிராண்ட்ஸ்மா

ஒரு பத்திரிகையை அடக்க வேண்டுமானால் அதன் கதவைப் பூட்டித்தான் ஆக வேண்டுமென்று எண்ணுகிறீரோ? காசு கொடுத்தும் அடக்கலாம். ஹாலந்து தேசத்தில் நடந்ததைக் கேளும்.

1940-ம் வருஷம் மே மாதம் ஜெர்மானியப் படை அந்நாட்டைப் பிடித்தது. செய்திகள் தணிக்கைக்கு உள்ளாயின. 1941 டிசம்பரில் விளம்பரத்துக்கும் வந்தார்கள். ஜெர்மானியருக்குக் கையாளாயிருந்த உள்நாட்டு நாஜிக் கட்சியின் விளம்பரங்களை எந்தப் பத்திரிகையும் மறுக்கலாகாதென்று உத்தரவு பிறந்தது. கத்தோலிக்க பத்திராதிபர்கள் தத்தளித்தார்கள். மறுத்தால் பத்திரிகை போய்விடும். அதோடு அச்சுக்கோக்கிறவன் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். ஏற்றாலோ, மேற்றிராணிமார் கண்டித்த கட்சிக்குத் தாங்களே தண்டோராப் போட்டவர்களாவார்கள்.

இச்சமயத்தில்தான் தீத்துஸ் சுவாமியார் புறப்பட்டார். 1881-ல் பிரீஸ்லாந்துக் குடியானவர் வீட்டில் பிறந்து, கார்மேல் சபையில் குருவானவர். நைமேகன் கத்தோலிக்க சர்வகலாசாலையில் தத்துவ ஆசிரியர். 1935 முதல் கத்தோலிக்க பத்திரிகையாளருக்கு ஆலோசகர். அடிக்கடி நோயில் விழும் உடம்பு அவருக்கு.

உத்ரெக்ட் அதிமேற்றிராணியார் தெ யோங் ஆண்டகையின் சம்மதத்தோடு, அவ்விளம்பரங்களை ஏற்கலாகாதென்று ஒரு நிருபம் எழுதினார். அதைத் தபாலில் போட்டுவிட்டு மடத்திலேயே இருந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால், பிழைப்பை இழக்கத் துணியும்படி ஒருவனைக் கேட்கிறவர் தம் முகத்தையாவது காட்ட வேண்டாமா? 1942 ஜனவரிக் குளிரில் ஊர் ஊராய்ச் சென்று, ஒவ்வொரு பத்திராதிபரையும் தனித்தனியே கண்டு, வரப்போகும் ஆபத்தை மறைக்காமல் சொன்னார். 14 பேரைப் பார்த்து முடித்திருந்தார். ஜனவரி 19-ந் தேதி நைமேகன் மடத்தில் பிடிபட்டார்.

ஸ்கேவனிங்கன் சிறையில், ஹாலந்துக் கத்தோலிக்கர் அக்கட்சியை எதிர்ப்பதேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். மழுப்பியிருந்தால் ஒருவேளை வீடு திரும்பியிருப்பார். அவரோ காரணங்களை விவரமாகவே எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஆமர்ஸ்ஃபோர்ட்; ஜூன் மாதம் டாக்கௌ முகாம். ஜூலை 26-ந் தேதி, முகாம் ஆஸ்பத்திரியில் நஞ்சு ஊசியேற்றி அவரைக் கொன்றார்கள். ஊசி போட்ட தாதி, கத்தோலிக்க குடும்பத்தில் பிறந்து வேதத்தை விட்டவள். தம்மிடமிருந்த ஜெபமாலையை அவளுக்குக் கொடுத்திருந்தார். தனக்கு ஜெபிக்கத் தெரியாதென்று அவள் சொல்ல, அதற்கும் வழி சொல்லிக் கொடுத்தார்.

2022 மே 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்கு அர்ச்சிஷ்ட பட்டம் அளித்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, அவரைக் குறித்த விசாரணையில் சாட்சி சொல்ல வந்தவர்களில் அந்தத் தாதியும் ஒருத்தி.