5 ஆண்டு வேலை 70 ஆண்டு இழுத்தது ஏன்? பரங்கிமலையில் அளவைத் தொடங்கிய லாம்டனின் கதை

வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயில் பாதை வெறும் 5 கி.மீ. 2008-ல் தொடங்கிய அந்தப் பணி எத்தனை கெடுவைத் தாண்டியது என்பது ஆதம்பாக்கம்வாசிகளுக்கு நல்லாவே தெரியும். ஆனால் கணிப்பு தவறுவது பரங்கிமலைக்குப் புதுசு இல்லை. 1802-லேயே ஆரம்பித்துவிட்டது.

யார் இந்த வில்லியம் லாம்டன்?

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த ராணுவ அதிகாரி. 1799 மைசூர் போரில், இருட்டில் படை எதிரியின் பக்கமே போவதை நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தவர். போர் முடிந்ததும் தீபகற்பத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். சுமார் 5 ஆண்டில் முடியும் என்பது ஆரம்பக் கணிப்பு.

1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கி.மீ. தூரம்தான். பிடித்தது 57 நாள்! 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, நீண்ட அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். கோடை வெயிலில் இத்தனை பொறுமை!

ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் போதும், முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிடலாம். ஆனால் முக்கோணம் கூடக் கூட, பிழையும் சேரும். எனவே 1804-ல் பெங்களூரு அருகே இன்னொரு அடிக்கோடு அளக்கப்பட்டது. கணக்கில் வந்த நீளத்துக்கும் தரையில் அளந்ததுக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான்.

தூரத்துக்கு இருந்த இந்தச் சரிபார்ப்பு, காலத்துக்கு இல்லை. அங்கேதான் சிக்கல். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட, அடிக்கோட்டை அளந்து முடித்த பிறகே கருவி சென்னை வந்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது மோதிச் சேதமானது. மனுஷன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தானே சரிசெய்தார்.

இதையெல்லாம் ஒரே தேதிக்குள் அடக்க முடியுமா? புயல் வரைபடத்தில் வரும் கூம்பை நினைத்துப் பாருங்கள். நாளைய இடம் குறுகலாக, நான்காம் நாள் இடம் அகலமாக இருக்கும். திட்ட மதிப்பீட்டையும் அப்படி வரையலாம்: சீக்கிரம் முடிந்தால் எப்போது, தாமதமானால் எப்போது என்று இரண்டு ஓரங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், ஆன நாட்களை வைத்துக் கூம்பைத் திருத்தி வரைய வேண்டும். லாம்டன் பெங்களூருவில் தூரத்துக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

1823 ஜனவரியில், அளவைப் பணியின்போதே, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். அதுவரை அளந்தது சுமார் 1,65,000 சதுர மைல். பொறுப்பு ஜார்ஜ் எவரெஸ்டிடம் போனது. வேலை முடிய 1871 ஆச்சு.