வீரமாமுனிவரும் எகர ஒகர வரிவடிவமும்

1680இல் இத்தாலி நாட்டில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து, ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றி, தேம்பாவணி இயற்றி, வீரமாமுனிவர் என விளங்கினார்.

அக்கால ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரக் குறில்களுக்குத் தொல்காப்பியம் விதித்த புள்ளியும் அவ்வாறே மறைந்தமையால், எரி, ஏரி என்னும் இருசொற்களும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒத்திருந்தமையால் பாவை, பரவை என்பனவும் மயங்கின. குற்றுயிர்க் குறிகளின்றி எழுதப்படும் அரபுச் சொல்லைப் போலவே, இவற்றையும் இடம்நோக்கியே உணர வேண்டியிருந்தது. யாப்பறிந்த புலவர் ஓசைகொண்டு தெளிவர். புதிதாகக் கற்போர்க்கு அவ்வழி இல்லை.

பிறமொழியாளராகத் தமிழ் கற்ற முனிவர், தம் கொடுந்தமிழ் இலக்கணத்தில், கொம்பின் மேல்நுனியைச் சுழித்து நெடிலைக் காட்டும் முறையை விளக்கினார். 1728இல் எழுதப்பட்ட அந்நூலை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள், சமயக் கொள்கையில் அவரோடு முரண்பட்ட லுத்தரன் சபையினர் என்பது கருதத்தக்கது. 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி சொற்களை அகரநிரலில் அமைத்தது. அத்தகைய நிரலுக்குக் குறில் நெடில் வேறுபாடு இன்றியமையாதது.

எகர ஒகர வேறுபாட்டை முனிவரே படைத்தார் எனக் கூறுதல் பொருந்தாது. தொல்காப்பியம் குறிலுக்குக் குறியிட்டது. முனிவர் நெடிலுக்குக் குறியிட்டார். எழுதுவோர் விட்டுவிடக்கூடிய புள்ளியை நம்பாமல், எழுத்தின் உறுப்பிலேயே வேறுபாட்டைப் பொருத்தியதே அவர் செய்த மாற்றம். இலக்கணம் அறிந்து, ஏடு மறந்திருந்த வேறுபாடு இவ்வாறு கண்ணுக்கு மீண்டது. பின்னர் அச்சுநூல்கள் அதனை நிலைபெறச் செய்தன.